லார்சாக் மேட்டு ஊர்களையும் சொல்லுங்கள்: தமிழில் உலக வரலாறு சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாற்றை எழுதியும் காணொளியாக்கியும் வரும் நண்பர்களுக்கும், அவற்றை வெளியிடும் இதழாசிரியர்களுக்கும் வணக்கம்.

பிரான்சின் தெற்குப் பகுதியில் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஒரு வாசகன் நான். டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர்க் காலத் துறவிப் போர்வீரர் சபையைப் பற்றித் தமிழில் வருவனவற்றில் என் கண்ணில் படுபவற்றையெல்லாம் விடாமல் படிக்கிறேன், பார்க்கிறேன். தொலைதூர நாடொன்றின் இடைக்கால வரலாற்றைத் தமிழில் கொண்டுவரும் உங்கள் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பினால்தான் ஒரு வேண்டுகோளோடு இந்த மடலை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. வெள்ளை அங்கி, சிவப்புச் சிலுவை, ஜெருசலேம், 1307 அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை விடியலில் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் நடத்திய கைதுகள், 1314 மார்ச்சில் பாரிஸில் எரிக்கப்பட்ட கடைசித் தலைவர் ழாக் தெ மொலே, அவர் இட்டதாகச் சொல்லப்படும் சாபம், அதன்பின் எங்கோ மறைந்துபோன புதையல். இவற்றில் கைதும் எரியூட்டலும் நடந்தவை. புதையல் பிற்காலத்தார் சேர்த்த ஒட்டு. கதை ஜெருசலேமிலிருந்து பாரிஸுக்குத் தாவும்போது, இடையில் இருநூறு ஆண்டுகள் அந்தப் போர்வீரர்களுக்குச் சோறு போட்டது யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்கு விடையாக இங்கே ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தெருக்களில் நான் பலமுறை நடந்திருக்கிறேன். லார்சாக் என்ற மேட்டுநிலத்தில் இருக்கும் அதன் பெயர் லா கூவெர்த்துவாராட்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1120ஐ ஒட்டி ஜெருசலேமில் ஊக் தெ பாயேன் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழுவாகத் தோன்றிய இந்தச் சபைக்கு 1129இல் த்ருவா நகரில் கூடிய திருச்சபை மன்றம் விதிநூல் வகுத்தது. அந்த விதிநூல் ஒரு வீரருக்கு மூன்று குதிரைகளையும் ஓர் ஏவலாளையும் அனுமதித்தது. குதிரைக்குத் தீனி, சேணத்துக்குத் தோல், போர்வைக்குக் கம்பளி, கோட்டைக்குக் கல், கடல் கடக்கக் கப்பல் என்று ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. பாலஸ்தீனக் கரையோரத்தில் பிடித்துவைத்திருந்த நிலம் அந்தச் செலவைத் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. எனவே ஐரோப்பாவின் மன்னர்களும் பிரபுக்களும் சிறு நிலக்காரர்களும் தங்கள் ஆன்மாவின் மீட்புக்காகச் சபைக்கு நிலம் எழுதிவைத்தார்கள். 1139இல் பாப்பரசர் இரண்டாம் இன்னசென்ட் சபையை உள்ளூர் ஆயர்களின் அதிகாரத்திலிருந்து விடுவித்து, திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய பத்தில் ஒரு பங்கு வரியிலிருந்தும் விலக்கு அளித்தார். நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’ என்ற சொல் இந்த இடத்தில் எனக்குத் தானாகவே நினைவுக்கு வருகிறது. இப்படிச் சேர்ந்த நிலங்களை நிர்வகிக்க அமைக்கப்பட்ட மையத்தைக் ‘கொமாந்தெரி’ என்பார்கள். மடம், பண்ணை, களஞ்சியம், வரி வாங்கும் அலுவலகம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. ஒவ்வொரு கொமாந்தெரியும் தன் வருவாயில் ஒரு பங்கை, வழக்கமாக மூன்றில் ஒன்று என்று சொல்லப்படும் பங்கை, கிழக்கே அனுப்ப வேண்டும். மேற்கு நாடுகளில் இருந்த கொமாந்தெரிகளில் வாழ்ந்தவர்களில் வாளேந்திய வீரர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான சகோதரர்கள் வீரர் குலத்தில் பிறக்காதவர்கள். உழவையும் மேய்ச்சலையும் கணக்கையும் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களைச் சுற்றி, அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில், சபையில் சேராத குடியானவர்கள் இருந்தார்கள்.

லார்சாக் என்பது மாசிஃப் சாந்த்ரால் மலைத்தொகுதியின் தெற்கு விளிம்பில், மியோ நகருக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். ஏறத்தாழ 1000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்கே மழை பெய்யும். ஆனால் பெய்த நீர் நிலத்தின் மேல் நிற்காது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி, அடியில் குகைகளைக் குடைந்துகொண்டு ஓடி, மேட்டின் ஓரத்துப் பள்ளத்தாக்குகளில் ஊற்றாக வெளிவரும். மேட்டின் மேலே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மண் மெல்லியது, புல் குட்டையானது, குளிர்காலக் காற்று கொடியது. ஆடு மேய்ப்பவனைத் தவிர வேறு யாரையும் எளிதில் வாழவிடாத நிலம்.

இந்த மேட்டின் ஓரத்தில், செர்னோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சேன்த் யூலாலி என்ற இடத்தின் தேவாலயத்தை டெம்ப்ளர்கள் 1151இல் கெலோன் மடத்தின் தலைவரிடமிருந்து பெற்றார்கள். 1159இல் பார்சிலோனாவின் கோமகன் ரைமோன் பெராங்கே அந்த ஊரையும் லார்சாக் நிலத்தையும் அவர்களுக்கு அளித்தார். கீழே தண்ணீருள்ள பள்ளத்தாக்கில் தலைமைக் கொமாந்தெரி, மேலே மேய்ச்சல் நிலத்தில் அதன் கிளைகள் என்பது அவர்களின் ஏற்பாடு. அந்தக் கிளைகளில் ஒன்று லா கவல்ரி. குதிரைவீரர்களை நினைவூட்டும் பெயர் அது. இன்னொன்றுதான் லா கூவெர்த்துவாராட். பாறை முகடொன்றின் மேல், 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ, அவர்கள் ஒரு கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கோட்டையின் காலடியில், அதன் தேவைகளுக்காகவே, ஓர் ஊர் வளர்ந்தது.

அந்த ஊரின் வீடுகளைப் பாருங்கள் என்பதே என் மடலின் சாரம். கீழ்த்தளம் முழுவதும் கல்லால் வளைத்துக் கட்டிய கூரையுடைய ஆட்டுத்தொழு. மனிதர்கள் வாழ்வது அதன் மேல்தளத்தில். வெளிப்புறச் சுவரை ஒட்டி ஏறும் கற்படிக்கட்டின் முடிவில் ஒரு சிறு திண்ணை போன்ற மேடை, அதற்கு அப்பால் வாசல். பனிக்காலத்தில் கீழே நெருக்கி நிற்கும் ஆடுகளின் உடற்சூடு மேலே ஏறி வீட்டைக் கதகதப்பாக்கும். கூரைக்கும் கல் பலகைதான். அந்த மேட்டில் மரம் அரிது, உத்தரத்துக்கு நீளமான மரம் கிடைப்பது அதனினும் அரிது. அதனால்தான் தொழுவுக்கும் வளைவுக் கூரை, வீட்டுக்கும் வளைவுக் கூரை. இந்தக் கட்டட முறையைக் கோட்டை கட்ட வந்த துறவிகள் கற்றுத்தந்ததாகச் சொல்ல முடியாது. அந்த நிலத்தோடு பழகிய இடையர்களும் கொத்தர்களும் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த வழி அது.

தண்ணீர் அதைவிட வியப்பானது. ஊருக்குள் தேவாலயத்தை ஒட்டி, மழைநீரைப் பிடித்துச் சேர்த்துவைக்கும் ஒரு தொட்டியைப் பாறையோடு பாறையாக அமைத்திருக்கிறார்கள். மனிதர்கள் குடிப்பதற்கான நீர் அது. மதிலுக்கு வெளியே ஆடுகளுக்கென்று வட்டமான ஒரு குட்டை. லவோஞ் என்று அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். நிலத்தில் இயற்கையாக அமைந்த பள்ளத்தில் களிமண்ணை மிதித்துப் பூசி, நீர் கீழே இறங்காதபடி அடைத்து, மழையைத் தேக்குவது அதன் நுட்பம். இன்று நாம் பார்க்கும் அழகான கல்பாவு பிற்காலத்தில் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான குளம்புகள் களிமண்ணைக் கிளறிவிடாமல் இருப்பதற்காகச் செய்தது. ஏரியும் குளமும் வெட்டி வாழ்ந்த மக்களின் மொழியில் எழுதும் உங்களுக்கு, ஒரு வறண்ட மேட்டில் சொட்டு நீரைப் பிடித்துவைத்தவர்களின் அறிவை எடுத்துச் சொல்லச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் லவோஞ்சைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூட நான் இதுவரை படித்ததில்லை.

ஆடுகளிலிருந்து கம்பளி, தோல், பால், பாலாடைக்கட்டி. மேட்டின் மேற்கு விளிம்பில் ரோக்ஃபோர் ஊரின் குகைகள் இருக்கின்றன. அங்கே பதப்படுத்தப்படும் செம்மறிப்பால் பாலாடைக்கட்டிக்கு 1411இல் மன்னர் ஆறாம் சார்ல் அவ்வூராருக்குத் தனியுரிமை அளித்தார்; 1925இல் பிரான்சில் சட்டப்படி பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற முதல் பாலாடைக்கட்டியும் அதுவே. டெம்ப்ளர்களின் காலத்தில் மந்தைகளோடு குதிரை வளர்ப்பும் இருந்தது. பள்ளங்களில் சேர்ந்த செம்மண்ணில் தானியமும் விளைந்தது. சிரியக் கடற்கரையில் ஒரு வீரர் போர்த்திக்கொண்ட கம்பளியும், அவர் குதிரையின் சேணத் தோலும், அல்லது அவற்றை வாங்குவதற்கான வெள்ளிக்காசும், இப்படிப்பட்ட மேடுகளிலிருந்துதான் புறப்பட்டன. புதையல் என்று ஒன்று இருந்திருந்தால், ஆண்டுதோறும் பிறந்து, கத்தரிக்கப்பட்டு, கறக்கப்பட்டு, மீண்டும் பிறந்துகொண்டிருந்த அந்த மந்தைதான் அது.

இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1307இல் கைது நடந்தபோது அரச அதிகாரிகள் ஒவ்வொரு கொமாந்தெரியிலும் இருந்ததை எண்ணி எழுதினார்கள். நார்மண்டியில் போஜி என்ற சிறு கொமாந்தெரியில் எடுத்த பட்டியல் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. மாடுகள், ஆடுகள், பன்றிகள், களஞ்சியத்துத் தானியம், வீட்டுப் பாத்திரங்கள், படுக்கைத் துணிகள் என்று அது நீள்கிறது. இங்கிலாந்தில் அதற்கும் முன்பே, 1185இல், அங்குள்ள டெம்ப்ளர் தலைவர் ஜெஃப்ரி ஃபிட்ஸ் ஸ்டீஃபனின் ஆணைப்படி சபையின் நிலங்கள் எல்லாம் கணக்கெடுக்கப்பட்டன. எந்தக் குடியானவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார், எவ்வளவு காசு கட்டுகிறார், எத்தனை நாள் ஊதியமில்லாமல் வேலை செய்ய வேண்டும், எத்தனை கோழி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பெயர் பெயராக அதில் இருக்கிறது. ஒரு போர்ச்சபையின் ஆவணத்தில் இவ்வளவு உழவர்களின் பெயர்கள் நிறைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். அதே இங்கிலாந்தில், 1137இல் அரசி மட்டில்டா அளித்த கிரெஸ்ஸிங் பண்ணையில், 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரண்டு பிரம்மாண்டமான மரக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்றை வாற்கோதுமைக் களஞ்சியம் என்றும் மற்றொன்றைக் கோதுமைக் களஞ்சியம் என்றும் அழைக்கிறார்கள். டெம்ப்ளர்களின் கட்டடக் கலை என்று பேசும்போது அந்தக் களஞ்சியங்களை விட்டுவிட்டுக் கோட்டைகளை மட்டும் காட்டுவது பாதிக் கணக்கு.

இந்த ஊர்களை ஏதோ அமைதிப் பூங்காக்களாகச் சித்திரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிலம் சபையுடையது, குடியானவர் அதன் குடி. வாரமும் காணிக்கையும் கொடுத்தாக வேண்டும். நிலவுரிமையாளரின் அடுப்பிலேயே ரொட்டி சுட்டு அதற்கும் கட்டணம் செலுத்தும் முறை அக்காலப் பிரான்சில் பரவலாக இருந்தது. பாதுகாப்புக்காகத் தங்களையும் தங்கள் நிலத்தையும் சபையிடம் ஒப்படைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதில் பக்தி எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த உழைப்பின் ஒரு பங்கு, ஆயிரக்கணக்கான கல் தொலைவில் முஸ்லிம் நாடுகள் மீது நடந்த போருக்குச் சென்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இவை எல்லாவற்றையும் ஒருசேரச் சொல்லும்போதுதான் சிலுவைப்போர் என்பது சில வீரர்களின் சாகசம் என்ற நிலையிலிருந்து இறங்கி, ஒரு கண்டத்தின் உழவர்களும் இடையர்களும் சுமந்த பாரமாக நம் வாசகருக்குப் புரியும்.

ஒரு பிழையையும் இங்கே குறிப்பிட வேண்டும். லா கூவெர்த்துவாராட்டின் படங்களில் முதலில் கண்ணைப் பறிப்பது ஊரைச் சுற்றியுள்ள மதிலும் அதன் கோபுரங்களும்தான். அவற்றைக் கண்டதும் டெம்ப்ளர் மதில் என்று சொல்லிவிடத் தோன்றும். உண்மையில் அந்த மதில் 1439க்கும் 1445க்கும் இடையே கட்டப்பட்டது. 1312இல் டெம்ப்ளர் சபை கலைக்கப்பட்டு, அதன் சொத்துகள் மற்றொரு துறவிப் போர்ச்சபையான ஹாஸ்பிடலர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகு எழுந்தது அது. நூறாண்டுப் போரின் அந்தக் காலத்தில் கூலிப்படைக் கும்பல்கள் ஊர் ஊராகக் கொள்ளையிட்டுத் திரிந்ததால், மக்களும் மந்தையும் ஒதுங்குவதற்காகக் கட்டியது. கட்டிய தலைமைக் கொத்தர் அருகிலுள்ள சேன் பொசேலி ஊரைச் சேர்ந்த தெயோதா தாலோ. கோட்டை கட்டிய டெம்ப்ளர் யாரென்று நம்மில் எவரும் சொல்வதில்லை. மதில் கட்டிய கொத்தரின் பெயரோ நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைத் தமிழில் ஒரு முறையாவது உச்சரியுங்கள். ஊருக்குள் உள்ள தேவாலயமும் 14ஆம் நூற்றாண்டில் ஹாஸ்பிடலர்கள் கட்டியதே. அதேபோல, லார்சாக்கின் மதிலூர்கள் ஐந்தையும் ஒரே சுற்றுலாப் பாதையாகக் காட்டுவதால் சேன் ழான் தால்காஸையும் டெம்ப்ளர் ஊர் என்று நினைத்துவிடுகிறோம். அது நோனாங்க் மடத்துப் பெண் துறவிகளுக்கு உரியதாக இருந்தது. மற்றோர் ஊரான வியாலாவில் நிற்கும் உயரமான கோபுரமும் ஹாஸ்பிடலர் காலத்ததே. ஆபத்து வேளையில் ஊரார் ஒதுங்கவும் தானியத்தைப் பத்திரப்படுத்தவும் அது பயன்பட்டது.

ஹாஸ்பிடலர்களின் ஆதிக்கம் பிரெஞ்சுப் புரட்சி வரை நீடித்தது. 1792இல் அவர்களுடைய சொத்துகளும் பறிமுதலாகி விற்கப்பட்டன. அதன்பின் மெதுவாக ஊர் வெறுமையாயிற்று. இன்று லா கூவெர்த்துவாராட் கம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) முழுவதிலும் சேர்த்து வாழ்பவர்கள் இருநூறு பேர் அளவில்தான்.

ஆனால் மேட்டின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. நம்மவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய அத்தியாயம் அதற்குப் பின்புதான் வருகிறது. லா கவல்ரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு ராணுவ முகாம் இருக்கிறது. 1971இல் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் தெப்ரே அந்த முகாமை 3000 ஹெக்டேரிலிருந்து 17000 ஹெக்டேராக விரிவாக்கப்போவதாக அறிவித்தார். ரோக்ஃபோருக்குப் பால் கறந்துகொண்டிருந்த இடையர் குடும்பங்கள் வெளியேற வேண்டிய நிலை. 1972 மார்ச்சில், நிலத்தை விற்கமாட்டோம் என்று 103 விவசாயிகள் கையெழுத்திட்டு உறுதி பூண்டார்கள். அந்த மாதம் லா கவல்ரியில் பதினைந்து நாள் உண்ணாநோன்பு இருந்தவர் லான்சா தெல் வாஸ்தோ. இத்தாலியில் பிறந்த அவர் 1937இல் வார்தாவுக்குச் சென்று காந்தியிடம் தங்கி, சாந்திதாஸ் என்ற பெயர் பெற்றுத் திரும்பியவர். லார்சாக்குக்கு அருகிலேயே அவர் நடத்திவந்த ஆசிரமச் சமூகம் இருந்தது. அந்த நோன்பு அகிம்சை வழியை மேட்டுக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஈஃபல் கோபுரத்தின் அடியில் அறுபது செம்மறியாடுகளைக் கொண்டுபோய் மேயவிட்டார்கள். மறு ஆண்டு தொடக்கத்தில் டிராக்டர்களில் பாரிஸை நோக்கிப் புறப்பட்டார்கள். மேட்டிலுள்ள லா ப்ளாக்கியேர் என்ற இடத்தில் அனுமதி இல்லாமலே ஓர் ஆட்டுத்தொழுவைக் கூட்டாகக் கட்டினார்கள். விரிவாக்க அறிவிப்பு வந்து பத்தாண்டுகள் கழித்து, 1981இல், புதிய குடியரசுத் தலைவர் பிரான்சுவா மித்தெரான் விரிவாக்கத்தைக் கைவிட்டார். அரசு ஏற்கெனவே வாங்கியிருந்த 6000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை 1985 முதல் விவசாயிகளின் கூட்டமைப்பு ஒன்று நெடுங்காலக் குத்தகையில் நிர்வகித்துவருகிறது.

துறவிப் போர்வீரர்களுக்கு உணவளிக்கத் தோன்றிய ஊர்களின் வழித்தோன்றல்கள், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், இன்னொரு படைக்கு நிலம் தர மறுத்தார்கள். காந்தியின் பெயரைச் சொல்லி மறுத்தார்கள். டெம்ப்ளர்களின் சாபத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நாம் இதைப் பற்றி ஒரு நிமிடமாவது பேசியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். 2011இல் யுனெஸ்கோ இந்த மேட்டுநிலங்களையும் செவென் மலைகளையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது காரணமாகக் காட்டியதும் கோட்டைகளை முதன்மையாக வைத்து அல்ல. மத்தியதரைக் கடல் நாடுகளின் உழவும் மேய்ச்சலும் சேர்ந்து உருவாக்கிய நிலத்தோற்றம் என்பதாகவே அந்த அறிவிப்பு அமைந்தது.

எனவே, அடுத்த முறை டெம்ப்ளர்களைப் பற்றி எழுதும்போதோ படம்பிடிக்கும்போதோ, ஜெருசலேமுக்குச் செல்லும் முன் ஒரு பத்து நிமிடம் லார்சாக்கில் நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியே குட்டை, உள்ளே தொழு, மேலே வீடு, அதற்கும் மேலே கோட்டை என்று அந்த ஊர் அமைந்த வரிசையிலேயே கதையைச் சொல்லுங்கள். எது டெம்ப்ளர் காலம், எது ஹாஸ்பிடலர் காலம் என்று ஆண்டோடு பிரித்துக்காட்டுங்கள். புதையல் கதையைச் சொல்வதாக இருந்தால், போஜிப் பட்டியலில் இருந்த மாடுகளையும் பாத்திரங்களையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள்; வாசகர் தாமே முடிவு செய்துகொள்வார். இதழாசிரியர்கள், இடைக்காலம் பற்றிய கட்டுரைகளுக்கு வாளும் தலைக்கவசமும் உள்ள படத்தையே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை ஒருமுறை மாற்றி, அந்தக் கற்படிக்கட்டு வீடுகளின் படத்தை அட்டையில் போட்டுப் பாருங்கள்.

கோடையில் கூட்டம் மிகுதி. வசந்தத்தின் தொடக்கத்திலோ இலையுதிர் காலத்திலோ வந்தால் மந்தைகள் மேட்டில் நிற்பதையும் பார்க்கலாம். பிரெஞ்சு மொழியில் உள்ள பெயர்ப்பலகைகளையும் வெளியீடுகளையும் தமிழாக்கித் தருவதற்கு யாருக்கேனும் உதவி தேவைப்பட்டால், எந்தக் கைம்மாறும் எதிர்பாராமல் செய்துதர ஆயத்தமாக இருக்கிறேன்.

மிகுந்த அன்புடன்,
தெற்குப் பிரான்சிலிருந்து உங்கள் வாசகன்